ஏர்சாஃப்ட் விளையாட மகனை அனுப்பலாமா? ஒரு மார்ஷலின் பதில்

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய 15 வயது மகனைப் பள்ளி நண்பர்கள் ஏர்சாஃப்ட் விளையாடக் கூப்பிடுகிறார்களாம். “கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். குண்டு பட்டாலும் படாத மாதிரி நடிக்கிறவர்கள்தான் அங்கே ஜெயிப்பார்கள் என்று மகனே சொல்கிறான். இப்படி ஒரு விளையாட்டுக்கு அனுப்பலாமா?” என்பது அவர் கேள்வி.

அனுப்பலாம். வார இறுதிகளில் ஒரு காட்டுக் களத்தில் மார்ஷலாக, அதாவது விதிகளையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்கிறவனாக, நிற்பவன் நான். என் சொந்தக்காரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். உங்கள் அண்ணன் சொல்வது உண்மை. உங்கள் மகன், அந்தத் தம்பி, சொல்வதில் பாதி உண்மை. ஆனால் நீங்கள் இரண்டு தனித்தனிக் கவலைகளாகக் கேட்டிருப்பது, களத்தில் நின்று பார்க்கிற எனக்கு ஒரே கவலையாகத்தான் தெரிகிறது. நான் பார்த்த காயங்களில் பல, யாரோ ஒருவர் நேர்மை தவறிய இடத்தில்தான் தொடங்கின. பட்டதை ஒப்புக்கொள்ளாதவர், அளவுக்கு மீறிய வேகத்தில் சுடும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவந்தவர், கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறவரை மறுபடி சுட்டவர், இப்படி. அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஏர்சாஃப்ட் என்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளை வைத்து இரண்டு அணிகள் ஆடுவது. களத்தில் அந்தக் குண்டை பிபி என்போம். ஜப்பானில் பிறந்த விளையாட்டு. 1991-ல் டோக்கியோ மருயி நிறுவனம் மின்மோட்டார் வைத்த துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெயின்ட்பாலில் குண்டு பட்டால் சட்டையில் சாயம் இருக்கும், மறைக்க முடியாது. இங்கே குண்டு பட்டதற்குத் தடயமே இருக்காது. பட்டவர்தான் “ஹிட்” என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். ஆட்டம் மொத்தமும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது கண். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏர்சாஃப்டில் ஆயுள் முழுக்கத் தங்கக்கூடிய காயம் பெரும்பாலும் கண்ணில்தான். பெரிய பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு அடியை ஓரளவு வாங்கிக்கொள்ளும். 6 மி.மீ. குண்டு அந்த எலும்பைத் தொடாமலே நேராக விழியில் விழும். கருவிழி கீறலாம், விழியின் முன்னறையில் ரத்தம் கட்டலாம், லென்ஸ் பாதிக்கப்பட்டுச் சிறு வயதிலேயே கண்புரை வரலாம், பல வருடம் கழித்துக் கண் அழுத்த நோயும் வரலாம்.

ஆகவே சாதாரண மூக்குக்கண்ணாடி, வெயிலுக்குப் போடும் கண்ணாடி, நீச்சல் கண்ணாடி எதுவும் உதவாது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கையில் வாங்கினால் முதலில் லென்ஸின் ஓரத்தையும் சட்டத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கும். ஐரோப்பியத் தரமான ‘ஈஎன் 166’-இன்படி அங்கே எஃப், பி, ஏ என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்க வேண்டும். ஆய்வகத்தில் 0.86 கிராம் எடையுள்ள 6 மி.மீ. எஃகுக் குண்டை அந்தக் கண்ணாடிமேல் சுட்டுப் பார்த்துக் கொடுக்கிற எழுத்து அது. எஃப் என்றால் வினாடிக்கு 45 மீட்டர் வேகம் வரை தாங்கியது, பி என்றால் 120 மீட்டர், ஏ என்றால் 190 மீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப் சோதனையில் அந்த எஃகுக் குண்டின் ஆற்றல் சுமார் 0.87 ஜூல்தான். நம் களங்களில் சாதாரணத் துப்பாக்கியே 1 ஜூலைத் தாண்டும். பி சோதனையில் அதே குண்டின் ஆற்றல் 6 ஜூலுக்கு மேல். அதனால் பி எழுத்து இல்லாத கண்ணாடியோடு தம்பியை உள்ளே அனுப்பாதீர்கள். லென்ஸில் ஒரு எழுத்தும் சட்டத்தில் வேறு எழுத்தும் இருந்தால், இரண்டில் குறைந்ததுதான் அந்தக் கண்ணாடியின் தரம். இந்தத் தரத்தின்படி, காதில் மாட்டுகிற கண்ணாடி வகைக்கு எஃப்-க்கு மேல் கொடுப்பதே இல்லை. பி வேண்டுமென்றால் தலையைச் சுற்றிப் பட்டி போட்டு இறுக்குகிற, முகத்தோடு ஒட்டி உட்காருகிற கண்ணாடிதான். கடையில் “ஏர்சாஃப்டுக்கு உகந்தது” என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சிலர் கம்பிவலைக் கண்ணாடி போடுவார்கள், மூச்சும் வியர்வையும் ஆவியாகப் படிந்து மங்காது, அதாவது பனி படியாது என்பதற்காக. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மட்டமான குண்டு பக்கத்திலிருந்து கம்பியில் மோதினால் உடைந்து, அதன் சில்லு ஓட்டை வழியாக உள்ளே வர இடமுண்டு. வலை வாய்க்கும் கன்னத்துக்கும் நல்லது. கண்ணுக்கு முன்னால் முழு லென்ஸ்தான் இருக்க வேண்டும்.

நல்ல கண்ணாடி போட்டும் ஆபத்து வருகிற முக்கியமான நேரம் பனி படியும்போது. நவம்பர் குளிரில் ஓடி வியர்த்த பையன் ஒரு மரத்தின் பின்னால் நிற்பான். லென்ஸ் முழுக்க வெள்ளையாக மூடியிருக்கும், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. கட்டைவிரல் தானாகவே கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் தூக்கப் போகும், ஒரு நொடி துடைத்துவிடலாம் என்று. அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் காட்டுக்குள் நிற்கிறோம். இதைத் தம்பியிடம் நீங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: பனி படிந்தால் “ஹிட்” சொல்லி வெளியேறிவிட வேண்டும், படாவிட்டாலும். ஆட்டக் கணக்கில் ஒரு உயிர் போனால் அடுத்த ஆட்டத்தில் வந்துவிடும். முடியாவிட்டால் கண்ணை இறுக மூடி, கண்ணாடிமேல் கையை அழுத்திக்கொண்டு “மார்ஷல்” என்று கத்தட்டும். நாங்கள் கையைப் பிடித்து அழைத்து வருவோம். இரட்டை லென்ஸ் வைத்த கண்ணாடியில் பனி படிவது வெகுவாகக் குறையும், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

பல்லையும் மறக்க வேண்டாம். முன்பல் உடைவது இந்த விளையாட்டில் அரிதான விஷயம் இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் முகம் முழுக்க மூடும் மாஸ்க் போட வேண்டும் என்று பல களங்களில் விதியே இருக்கிறது. உங்கள் களத்தில் இல்லாவிட்டாலும் நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துப்பாக்கியின் வேகம். காலையில் ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் க்ரோனோ என்ற வேகமானி வழியாகச் சுட்டுப் பார்ப்போம். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் போனால் அதன் ஆற்றல் சரியாக 1 ஜூல். பிரிட்டிஷ் களங்களில் வழக்கமான வரம்பு அதே குண்டுக்கு வினாடிக்கு 350 அடி, அதாவது சுமார் 1.14 ஜூல். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடுகிற ஸ்னைப்பர் துப்பாக்கிகளுக்கு 500 அடி வரை விடுவார்கள், ஆனால் 30 மீட்டருக்குள் இருப்பவரை அதால் சுடக் கூடாது.

இது களக்காரர்கள் வைத்த விதி மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சட்டம் 1 ஜூலுக்கு மேல் சுடும் குழல் ஆயுதத்தை உயிர் பறிக்கக்கூடிய ஆயுதம் என்று வகுத்துவிட்டு, ஏர்சாஃப்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. தானாகத் தொடர்ந்து சுடக்கூடியவைக்கு 1.3 ஜூல், ஒற்றை ஒற்றையாகச் சுடுபவைக்கு 2.5 ஜூல் வரை. அதைத் தாண்டினால் அந்த விலக்கு போய்விடும், கையில் இருப்பது சட்டப்படி நிஜமான சுடுகருவி. ஜப்பானில் இன்னும் கடுமை. 2006-ல் திருத்திய சட்டப்படி 6 மி.மீ. குண்டுக்கு 1 ஜூலுக்கும் சற்றுக் குறைவாகவே வரம்பு.

க்ரோனோவில்தான் திருட்டுத்தனமும் நடக்கும். வாயுவில் இயங்கும் துப்பாக்கிகளில் குண்டின் எடை கூடக்கூட ஆற்றலும் கூடுவதுண்டு. கனமான குண்டு குழலுக்குள் மெதுவாக நகர்வதால் வாயு அதைக் கூடுதல் நேரம் தள்ளுகிறது. அப்படிப்பட்ட துப்பாக்கி 0.20 கிராம் குண்டில் வினாடிக்கு 105 மீட்டர் காட்டும், 1.1 ஜூல், நல்லபடியாகத் தேறிவிடும். அதிலேயே 0.40 கிராம் குண்டைப் போட்டால் 87 மீட்டர்தான் காட்டும், எண் குறைந்திருக்கும். ஆனால் ஆற்றல் 1.5 ஜூல். இது தெரிந்த சிலர் காலையில் லேசான குண்டைக் காட்டிவிட்டு, ஆட்டத்தில் கனமானதைப் போடுவார்கள். அழுத்தக் காற்றுத் தொட்டி வைத்திருப்பவர்களில் சிலர் க்ரோனோ முடிந்ததும், காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகிவிடுவார்கள். நல்ல களம் என்றால் விளையாட்டில் போடப்போகும் குண்டையே வைத்து அளக்கும், ரெகுலேட்டருக்குப் பூட்டுப் போடும், மதியம் முன்னறிவிப்பு இல்லாமல் சிலரைக் கூப்பிட்டு மறுபடி அளக்கும். நீங்கள் களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றைக் கேட்டாலே அவர்களின் தரம் தெரிந்துவிடும்.

இனி தம்பி சொன்ன விஷயம், ஹிட் எடுக்காதவர்கள், அதாவது பட்டதை ஒப்புக்கொள்ளாதவர்கள். இருக்கிறார்கள். ஆனால் அவன் நினைக்கிற அளவுக்கு இல்லை. குண்டு காற்றில் வெகு வேகமாக வலுவிழக்கும். 50 மீட்டர் தாண்டி வருகிற 0.20 கிராம் குண்டு பெரும்பகுதி வேகத்தை வழியிலேயே இழந்திருக்கும். தடித்த வெஸ்ட், அதன்மேல் மேகசின் (குண்டு நிரப்பும் பெட்டி) பைகள், உள்ளே ஸ்வெட்டர், காதில் தன் துப்பாக்கியின் மோட்டார் இரைச்சல். இப்படி நிற்பவருக்கு முதுகுப் பையில் பட்டது தெரியவே தெரியாது. சுடுகிறவருக்கும் கண் ஏமாற்றும். துப்பாக்கிக் குழலின் தொடக்கத்தில் ஹாப்-அப் என்ற சிறு ரப்பர் இருக்கிறது. அது குண்டுக்குப் பின்சுழற்சி கொடுத்து நெடுந்தூரம் மிதக்க வைக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் குண்டு நேராக எதிராளியின் நெஞ்சில் போய் மறைந்த மாதிரி இருக்கும்; உண்மையில் இரண்டு மீட்டர் முன்னாலேயே தரையில் விழுந்திருக்கும், அல்லது ஒரு இலையில் பட்டு விலகியிருக்கும். பக்கவாட்டில் நிற்கிற எனக்கு அது தெளிவாகத் தெரியும். சுட்டவர் சத்தியம் செய்வார் பட்டது என்று. அவர் பொய் சொல்லவில்லை. எதிரே இருப்பவரும் பொய் சொல்லவில்லை.

இங்கேதான் காயம் பிறக்கிறது. சுட்டவருக்குக் கோபம் வரும். ஒரு குண்டில் போகாதவனுக்குப் பத்துக் குண்டு என்று தானியங்கிக்கு மாற்றுவார், இன்னும் பக்கத்தில் போவார், உடம்பைக் குறிவைத்தவர் இப்போது வெளியே தெரிகிற கழுத்தையும் காதையும் குறிவைப்பார். காது மடல் கிழிந்தும் உதடு பிளந்தும் வந்தவர்களை உட்காரவைத்து விசாரித்தால், “அவன் ஹிட் எடுக்கல, அதான்” என்ற பேச்சு எங்கோ ஓரிடத்தில் வந்துவிடும். வேண்டுமென்றே ஏமாற்றுகிற ஒருவன் ஒரு மதியத்துக்குள் களம் முழுக்க இந்தக் கோபத்தைப் பரப்பிவிடுவான். மதிய உணவுக்குப் பிறகு எல்லாரும் பக்கத்திலிருந்து அதிகமாகச் சுடத் தொடங்கினால், காலையில் யாரோ ஹிட் எடுக்காமல் இருந்திருக்கிறார் என்று நாங்கள் தேட ஆரம்பிப்போம்.

ஆகவே தம்பிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் ஹிட் எடு. பக்கத்துச் சுவரில் பட்டதா உன்மேல் பட்டதா என்று தெரியவில்லையா, எடுத்துவிடு. சொந்த அணிக்காரன் சுட்டாலும் ஹிட்தான். எங்கேயாவது பட்டுத் தெறித்து வந்தது கணக்கில் சேராது என்று பெரும்பாலான களங்கள் சொல்லும். துப்பாக்கியில் பட்டால் என்ன என்பது களத்துக்குக் களம் மாறும், காலையில் சொல்லும்போது கவனி. நீ சுட்டு எதிராளி போகவில்லையென்றால் கத்தாதே, திட்டாதே, அவன் கையில் எந்த நிறப் பட்டை கட்டியிருக்கிறான், எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறான் என்று மார்ஷலிடம் போய்ச் சொல். நாங்கள் அந்த ஆளுக்குப் பின்னால் சும்மா போய் நிற்போம். பாதிப் பேர் நாங்கள் வந்து நின்றதுமே ஒழுங்காகிவிடுவார்கள். மற்றவர்களிடம் முதலில் மெதுவாக, “உங்க மேல படுது, கொஞ்சம் கவனிங்க” என்போம். மறுபடி நடந்தால் ஒரு ஆட்டம் உட்காரவைப்போம். அதற்கு மேலும் என்றால் அன்றைக்கு வீட்டுக்குத்தான். பணம் கட்டிய வாடிக்கையாளர் என்று பார்த்து இதைச் செய்யத் தயங்குகிற களத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

ஹிட் சொன்னவரை மேலும் சுடுவதும் ஏமாற்றுதான், அதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். கையைத் தூக்கி, சிவப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடப்பவர் ஆட்டத்தில் இல்லை. அப்படி வெளியேறுகிறவர் எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போவதும் கூடாது. மூலையில் திரும்பினால் ஒரு கை தூரத்தில் எதிராளி முதுகு தெரிகிறதா, சுடாமல் “பேங்” என்று சொல்கிற வழக்கம் பல களங்களில் உண்டு. சொன்னால் அவர் ஒப்புக்கொண்டு போக வேண்டும். தலையை மறைத்துக்கொண்டு துப்பாக்கியை மட்டும் சுவருக்கு மேலே நீட்டிச் சுடுவதைப் பெரும்பாலான களங்கள் தடுக்கின்றன. எதிரே யாருடைய முகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் சுடுவது அது.

ஆட்டம் முடிந்து ஓய்விடத்துக்கு வரும்போது ஒரு சின்ன விஷயம். மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று புதியவர்கள் நினைப்பார்கள். இல்லை. ஹாப்-அப் அறைக்குள் ஒன்றிரண்டு குண்டுகள் தங்கியிருக்கும். மேகசினைக் கழற்றிய பிறகு, ஆட்டக் களத்தின் எல்லைக்கு உள்ளேயே தரையை நோக்கி இரண்டு மூன்று முறை சுட்டு அவற்றை வெளியேற்றி, சேஃப்டி போட்டு, குழல் வாயில் உறை மாட்டிய பிறகுதான் ஓய்விடத்துக்கு வர வேண்டும். கண்ணாடியைக் கழற்றுவது அதற்கும் பிறகு, எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு. ஓய்விடத்தில் சோதனைக்காகக்கூட ட்ரிகரை அழுத்தக் கூடாது. அங்கே எல்லாருடைய கண்ணும் திறந்திருக்கும்.

துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடித்தால்: 18 வயதுக்கு உட்பட்டவர் பிரிட்டனில் இதை வாங்க முடியாது. பெற்றோர் வாங்கிப் பரிசாகத் தரலாம். நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் வகையை வாங்க, 2006-ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டப்படி தகுந்த காரணம் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் காப்பீடுள்ள ஒரு களத்தில், குறைந்தது இரண்டு மாத காலத்தில் பரவலாக மூன்று ஆட்டமாவது ஆடி, பிரிட்டிஷ் ஏர்சாஃப்ட் வியாபாரிகள் சங்கமான ‘யூகாரா’வின் பதிவு மூலம் அதைக் காட்டுகிறார்கள். அந்தப் பதிவும் 18 வயது நிரம்பியவருக்குத்தான். மற்றவர்களுக்குப் பளிச்சென்ற நீலம், பச்சை, ஆரஞ்சு போன்ற நிறம் பூசியவை. ஆனால் ஆரம்பத்தில் எதையும் வாங்காதீர்கள், களத்திலேயே துப்பாக்கியும் மாஸ்க்கும் வாடகைக்குக் கிடைக்கும்.

வாங்கிவிட்டால் ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது மூடிய பையை விட்டு வெளியே வரக் கூடாது. பஸ்ஸில், பூங்காவில், வீட்டு முன்தோட்டத்தில், நண்பனுக்குக் காட்ட என்றுகூட. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன் ஒரு பூங்காவில் ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுப் பொருள் என்று காட்டுகிற ஆரஞ்சு முனை அதில் இல்லை. வந்து இறங்கிய காவலர் சில நொடிகளிலேயே சுட்டார்; பிள்ளை மறுநாள் இறந்துபோனான். காவலர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் நம் பிள்ளை கையில் இருப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது நிஜமாகத்தான் தெரியும். பிரிட்டனிலும் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் பட்டுவிட்டால்: தேய்க்க விடாதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகம் போல எதையாவது கண்ணைத் தொடாமல் மூடி, தலையை நிமிர்த்தி உட்காரவைத்து நேராக ஏ அண்ட் ஈ, அதாவது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்து பார்வை தெளிந்தாலும் போக வேண்டும். முதல் சில நாட்களில் உள்ளே மறுபடி ரத்தம் கசிந்து அழுத்தம் ஏறக்கூடும். மற்ற இடங்களில் பட்டால் சிவந்து தடிக்கும், நாலைந்து நாளில் போய்விடும். முழுக்கைச் சட்டை, கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ் போட்டால் அதுவும் குறையும். காட்டில் கால் பிசகுவதுதான் குண்டடியைவிட அதிகம் நடக்கிறது, அதனால் பூட்ஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். காலையில் மார்ஷல் விதிகளைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். எவ்வளவு நேரம் எடுத்துச் சொல்கிறார், முன்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிறகு ஓரமாக நின்று ஒரு ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டால், உங்களுக்கும் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், கேட்காமல் கொடுத்தால் அது நல்ல களம்.